உம் கொட்டித் தேர்ந்த புத்தகங்கள்

போன மாதம் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். பள்ளிக்கூடம் ஒன்றில் நூலகராகச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறதாம். பிள்ளைகளுக்கான புத்தகங்களை இப்போதெல்லாம் யாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதில்லை, மேலிடத்திலிருந்து பட்டியல் வந்துவிடுகிறது, அதில் வயது, வகுப்பு, நற்பண்பு எல்லாம் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறது, டிக் அடித்துக் கொடுத்தால் போதும் என்றாள். "உங்க காலத்துல எந்த அளவுகோலை வெச்சு எடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டு, எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்தாள்.

"எத்தனை தடவை உம் கொட்டறாங்கன்னு எண்ணித்தான்" என்றேன்.

பேனாவை மூடிவிட்டாள். கிழவிக்குத் தடம் புரண்டுவிட்டது என்று நினைத்திருப்பாள். காப்பி குடித்துவிட்டு மரியாதையாக எழுந்து போனாள். அவள் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் ஆள் போன பிறகுதான் வரும். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மதராஸில் ஆறு மாதம். புத்தகத்துக்கு எண் கொடுப்பது எப்படி, அந்த எண்ணைக் கார்டில் எழுதுவது எப்படி, கார்டைப் பெட்டியில் அடுக்குவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகளைப் பற்றி ஒரே ஒரு பிற்பகல் பாடம் நடந்தது. எச்சில் தொட்டுப் பக்கம் திருப்ப விடக்கூடாது என்பது மட்டும்தான் அதில் எனக்கு நினைவிருக்கிறது. சான்றிதழோடு கோவையை ஒட்டிய எங்கள் ஊர் கணபதிக்குத் திரும்பியபோது எனக்கு இருபத்தொரு வயது. ஐம்பதுகளின் பிற்பாதி.

அப்பா கணபதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருந்தார். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று வாசிப்பறை திறக்கிறார்கள், படித்த பெண் வேண்டும் என்கிறார்கள் என்று அவர்தான் கேள்விப்பட்டு வந்து சொன்னார். மறுநாளே, ஏன் சொன்னோம் என்று வருத்தப்படவும் செய்தார்.

"ஒரு வருசம் போய்ப் பாரு அம்மணி. வேலை நெலைச்சுதுனா சேரி. இல்லீனா பல்லடத்துக்காரங்களுக்குச் சேரின்னு சொல்லிப்போடுவேன்" என்றார்.

பல்லடத்துக்காரர்கள் மோட்டார் பம்பு வியாபாரம் செய்பவர்கள். மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தபோது என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "உங்க பட்டறையில எத்தனை குதிரை மோட்டாருங்க ஓடுது?" நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாழ்நாள் முழுவதும் குதிரைச் சக்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. எனவே அந்த வேலை எனக்கு எப்படியும் நிலைத்தாக வேண்டியிருந்தது.

வாசிப்பறை மில்லின் வெளிச்சுவரை ஒட்டி இருந்தது. ஒரு பெரிய அறை, இரண்டு பெஞ்சு, பாய்கள், ஒரு மின்விசிறி, தண்ணீர்ப் பானை, ஒரு திறந்த அலமாரி, தகரக் கதவு போட்ட இன்னோர் அலமாரி. அங்கே மூன்றே பேர்தான் சிப்பந்திகள். நான் ஒருத்தி. பியூன் மாரப்பன் ஒருவர். இருபது வருடம் மில்லில் பஞ்சு உடைக்கும் புளோ ரூமில் வேலை பார்த்து, இருமல் முற்றிப்போனதால் லேசான வேலையாகட்டும் என்று இங்கே அனுப்பப்பட்டவர். எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் இருவருக்கும் மேலே காரியதரிசி ரங்கசாமி ஐயா.

ஐயா மில் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் கொங்குத் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கிடையாது, மௌனம்தான். கோடையிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. அறைக்குள் வந்துவிட்ட பூனையைக்கூட "சித்த அக்கட்டப் போங்க" என்றுதான் விரட்டுவார். பூனையும் போகாது.

டவுனில் இருந்த ஒரு புத்தகக் கடை மாதாமாதம் ஒரு கட்டு மாதிரிப் பிரதிகள் அனுப்பும். அதில் தேறியதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்ப வேண்டும். தேர்வு செய்வதற்கு ஐயா மூன்று சோதனைகள் வைத்திருந்தார்.

முதலாவது முதுகெலும்புச் சோதனை. புத்தகத்தை நடுப்பக்கம் ஒன்றைப் பிடித்துத் தூக்கி மூன்று தடவை உதறுவார். பக்கம் கையோடு வந்துவிட்டால் புத்தகம் தோற்றது. இரண்டாவது எழுத்துச் சோதனை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கையை முழுதாக நீட்டிப் படிப்பார். அவருக்குத் தெரிந்தால் பிள்ளைகளுக்கும் தெரியும் என்பது கணக்கு. இந்த இரண்டிலும் எனக்கு ஆட்சேபணை இருந்ததில்லை. பிள்ளைகள் புத்தகத்தை என்ன பாடு படுத்தும் என்று முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பார்த்த மனிதர்.

மூன்றாவதுதான் உம் சோதனை. வியாழக்கிழமை நாலு மணிக்கு நடக்கும். ஐயா நாற்காலியில் உட்கார்ந்து கைகளைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தின் முதல் பத்துப் பக்கங்களை உரக்கப் படிப்பார். எதிரே பாயில் மாரப்பன் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்பார். ஐயாவின் நாற்காலிக்குப் பின்னால் ஸ்டூலில் நான், கையில் பென்சிலும் தாளும். கதை கேட்கிறவர்கள் உம் கொட்டுவது நம் வழக்கம்தானே? மாரப்பன் ஒவ்வொரு தடவை உம் கொட்டும்போதும் நான் ஒரு கோடு போட வேண்டும். நாலு கோடு நின்றதும் ஐந்தாவதைக் குறுக்கே போட்டுக் கட்டாகக் கட்டுவேன். பத்துப் பக்கத்துக்கு முப்பது உம் வந்தால் புத்தகம் தேர்வு. குறைந்தால் தள்ளுபடி.

"உம் நின்னா கதை நின்னுபோச்சுன்னு அர்த்தமுங்க அம்மணி" என்பார் ஐயா. "எங்கம்மா கதை சொல்றப்ப நான் உம் கொட்டாம இருந்தா, தூங்கிட்டான்னு எந்திரிச்சுப் போயிருவாங்க. படிச்சவங்க அபிப்பிராயம் நமக்கு வேண்டாமுங்க. அவங்க விமர்சனம் பண்ணுவாங்க. படிக்காத காதுதானுங்க பிள்ளைகளோட காது."

பேச்சு எனக்கு அப்போது மிகவும் சரியாகப் பட்டது. மதராஸில் ஆறு மாதத்தில் இதில் பாதிகூட யாரும் சொல்லவில்லை.

தேர்வான புத்தகத்தின் உள்ளட்டையில் ஐயா கையெழுத்திட்ட சீட்டு ஒட்டப்படும். தள்ளிய புத்தகத்துக்கும் சீட்டு உண்டு, ஒட்டாமல் உள்ளே செருகிவைப்பது. அதில் 'காரணம்' என்று ஓர் இடம் விட்டிருக்கும். 'பத்தொன்பது உம் மட்டுமே' என்று எழுதி, புத்தகத்தை மார்போடு ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க" என்று அதனிடமே சொல்லிவிட்டுத் தகர அலமாரியில் வைப்பார். மாதக் கடைசியில் மாரப்பன் அவற்றைக் கட்டாகக் கட்டி டவுன் பஸ்ஸில் கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிட்டு வருவார்.

ஒரே ஒரு முறை நான் எதிர்த்தேன். தொலைந்துபோன கழுதையைத் தேடி ஒரு சிறுமி தனியாக மலையேறுகிற கதை. பத்தாம் பக்கத்தில் கழுதையின் குளம்புத் தடம் ஒரு குகைக்குள் போகிறது, வெளியே வந்த தடம் இல்லை. ஐயா அங்கே நிறுத்திவிட்டார். எனக்கு உயிர் போயிற்று. மாரப்பன் கொட்டியது நாலே நாலு உம். வாயைத் திறந்தபடி ஐயாவின் கையில் இருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாருங்க, கண்ணைத் தொறந்துட்டே தூங்கிப்போட்டாரு" என்றார் ஐயா.

"எனக்கு நெம்பப் புடிச்சுதுங்களே ஐயா."

"நமக்குப் புடிச்சாப் பத்தாதுங்க அம்மணி. நமக்கெல்லாம் வயசாயிருச்சு."

அவருக்கு அறுபது. எனக்கு இருபத்தொன்று. மறுபேச்சுப் பேசாமல் அலமாரியைப் பூட்டினேன்.

இப்படி எட்டு மாதம் தேர்ந்தெடுத்தோம். திறந்த அலமாரியில் இரண்டு தட்டு நிறைந்தது. எறும்பின் உழைப்பு, காலையில் எழுவதன் நன்மை, உண்மை பேசிய ஏழு சிறுவர்கள், பல் துலக்கும் முறை என்று ஒன்றுக்கொன்று சளைக்காத நல்ல புத்தகங்கள். ஆனால் பிள்ளைகள் வரவில்லை. முதல் மாதம் முப்பது பொடுசுகள் வந்தன. ஐப்பசியில் ஆறு. அதில் நாலு விசிறிக்காக வந்தவை, ஒன்று தண்ணீர் குடிக்க வந்தது. மிச்சம் ஒன்றைப் புத்தகத்தோடு பார்த்துச் சந்தோஷப்பட்டுப் பக்கத்தில் போனால், அட்டையை வைத்து ஈ அடித்துக்கொண்டிருந்தது.

மானேஜரிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. பொங்கல் நோம்பிக்கு முன் நேரில் வந்து பார்ப்பேன், பிள்ளைகள் வருவதாகத் தெரியாவிட்டால் அறையைக் கேண்டீனுக்குக் கொடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தார். அன்றிலிருந்து கேண்டீன்காரர் வாரம் ஒரு நாள் இஞ்சு டேப்போடு வந்துவிடுவார். "ஏனுங்கம்மணி, ஆட்டுக்கல்லை இந்த மூலையில போட்டா உங்களுக்கு எடைஞ்சலுங்களா?" என்று என்னிடமே கேட்பார். அறை போனால் வேலை போகும், வேலை போனால் பல்லடம். கேண்டீன்காரரின் டேப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வியாழக்கிழமை ஐயா கோட்டுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்தார். அச்சு மை வாடை போகாத புத்தகம். ஆசிரியர் பெயரே இல்லை. பருத்திச் செல்வன் என்ற பஞ்சு, வயலிலிருந்து மில்லுக்கு வந்து ஒவ்வொரு டிபார்ட்மெண்டிலும் ஒரு நற்குணம் கற்றுக்கொள்கிறது. புளோ ரூமில் அடி வாங்கிப் பொறுமை, கார்டிங்கில் சீவப்பட்டுப் பணிவு, ஸ்பின்னிங்கில் முறுக்கேறி மன உறுதி என்று மொத்தம் பதினாறு குணங்கள். அன்று ஐயா பத்துப் பக்கத்தில் நிறுத்தவில்லை. முழுதும் படித்தார். குரல் லேசாக நடுங்கியது. மாரப்பன் மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் உம் கொட்டினார். என் பென்சில் முனை உடைந்து, வேறு பென்சில் எடுத்தேன். நூற்றி நாலு உம்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானே எழுதுனதுங்க அம்மணி. சொன்னா மாரப்பன் மரியாதைக்குக் கொட்டிப்போடுவாருன்னுதான் சொல்லலை" என்றார். சீட்டை மட்டும் அவர் எழுதவில்லை. சொந்தப் புத்தகத்துக்குச் சொந்தக் கையெழுத்துப் போடுவது முறையில்லையாம், யோசித்துச் செய்யலாம் என்று வைத்துக்கொண்டார். ஒரு பிரதியை மானேஜருக்கு அனுப்பினார். இன்னொன்றைப் பெருமாள் காலடியில் வைக்க எடுத்துக்கொண்டு, பத்து நாள் லீவில் திருப்பதிக்குப் புறப்பட்டார்.

அவர் ரயிலேறிய மறுநாள் புத்தகக் கடைக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. கோபமான கடிதம், ஆனால் கோவைக்காரர் கோபம். 'தாங்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பும் புத்தகங்கள் வர வர மூன்று வாரம் தாமதமாக வருகின்றன. பக்கங்களுக்கு நடுவே கடலைத்தோல் இருக்கிறது. சென்ற கட்டில் ஒரு புத்தகத்தில் கருப்பட்டி ஒட்டியிருந்தது. பிடிக்காத புத்தகத்தை இவ்வளவு பேர் படிக்க வேண்டியதில்லை என்பது அடியேன் அபிப்பிராயம்.'

நான் மாரப்பனைக் கேட்கவில்லை. கேட்டால் "அப்படீங்களா?" என்பார், அதோடு முடிந்தது. சாயங்காலம் நேராக மில் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போனேன். வரிசையில் அவர் வீட்டைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வாசலில் மட்டும் முப்பது ஜோடிக் கால்கள் தெரிந்தன, உள்ளே இன்னும் கொஞ்சம். எட்டாம் வகுப்பு படிக்கிற அவர் மகள் துளசிமணி லாந்தருக்கு முன்னால் உட்கார்ந்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். கையில் என் கழுதைப் புத்தகம். முன்வரிசையில் மாரப்பன், வாயைத் திறந்தபடி. வாசிப்பறைக்கு வராத என் பொடுசுகள் அத்தனையும் அங்கே இருந்தன. ஒன்று வாயருகே கொண்டுபோன கடலையைப் போடாமல் அப்படியே பிடித்திருந்தது. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் போன காரியத்தை மறந்து, குகைக்குள் என்ன இருந்தது என்று தெரிகிறவரை நின்றேன்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அந்த அரை மணி நேரத்தில் ஒருவர்கூட உம் கொட்டவில்லை.

அத்தியாயம் முடிந்ததும் மாரப்பன் என்னைப் பார்த்துவிட்டுப் பதறி எழுந்தார். "தப்பு நடந்துபோச்சுங்க அம்மணி. ஐயா பத்துப் பக்கத்துல நிறுத்திப்போடறாருங்க. பொறவு என்னாச்சுன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்கறதில்லீங்க. அதான், கடைக்குக் கொண்டுபோறதுக்கு முன்னால என்ற புள்ளைய உட்டுப் படிக்கச் சொல்லி…"

"அது கெடக்கட்டுமுங்க. அத்தனை புடிச்ச கதைக்கு ஏனுங்க அன்னைக்கு உம் கொட்டலை?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "கதை நல்லாருந்தா எங்கீங்க அம்மணி ஞாபகம் இருக்கும்? மறந்துபோயிருமுங்க."

"அப்போ கொட்டுனதெல்லாம்?"

"பெரியவரு தொண்டை வத்தப் படிக்கறாரு. கதை நல்லா இல்லீனா அவருக்கு வெசனமாயிரும் பாருங்க. நாமளும் கம்முன்னு உக்காந்திருந்தா மரியாதையா இருக்குமுங்களா? ரண்டு உம் எச்சாப் போட்டா அவருக்கும் ஒரு ஆறுதலுங்க."

எட்டு மாத வேலை என் கண் முன்னால் தலைகீழாக நின்றது. மாரப்பனை விழிக்கவைத்த புத்தகங்களையெல்லாம் கடைக்குத் திருப்பி அனுப்பியிருந்தோம். அவர் ஆறுதல் சொன்னவற்றையெல்லாம் சீட்டு ஒட்டித் திறந்த அலமாரியில் அடுக்கியிருந்தோம். அன்றிரவு வீட்டில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்தது. அப்பா, சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி மிளகு ரசம் வைக்கச் சொன்னார்.

மறுநாள் என் வாழ்க்கையில் முதல் தடவையாக மேலதிகாரி உத்தரவை மீறினேன். தகர அலமாரியைத் திறந்து, அந்த மாதம் தள்ளியிருந்த பதினான்கு புத்தகங்களையும் பெஞ்சில் பரப்பினேன். முந்தைய மாதங்களில் தள்ளியவற்றைக் கடையிலிருந்து மறுபடி வரவழைத்தேன். ("இந்தத் தடவை கடலைத்தோல் இருக்காது" என்று எழுதிக் கொடுத்தேன்.) எறும்பையும் பல் துலக்குவதையும் மேல் தட்டுக்கு ஏற்றினேன். துளசிமணியிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான், நாலாம் நாள் பாய் போதவில்லை. கேண்டீன்காரர் டேப்போடு வந்து, அளக்க இடமில்லாமல் வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் ஐயா மொட்டைத் தலையோடும் லட்டுப் பையோடும் உள்ளே வந்தார். அறையைப் பார்த்து அவர் முகம் மலர்ந்ததைச் சொல்லி முடியாது. "பெருமாள் கண்ணைத் தொறந்துட்டாருங்க அம்மணி!" என்று சொல்லி ஒவ்வொரு பிள்ளைக்கும் லட்டு கிள்ளிக் கொடுத்துக்கொண்டே வந்தார். துளசிமணி லட்டுக்குக் கை நீட்டினாள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்போது அவள் கையிலிருந்த புத்தகத்தின் உள்ளட்டை தெரிந்தது. சீட்டு இல்லை. அடுத்த பிள்ளையின் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். சீட்டு இல்லை. லட்டுப் பையைப் பெஞ்சில் வைத்தார். மௌனம்.

பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பினேன். எப்படிச் சொல்வது என்று ஒரு வாரமாக நான் ஒத்திகை பார்த்திருந்தேன். "உங்க சோதனை நல்லாத்தானுங்க இருக்குது, ஆனா…" என்று தொடங்குவதாகத் திட்டம். நம் பக்கத்தில் 'ஆனா'வுக்குப் பிறகு வருவதை யாரும் கேட்பதில்லை என்பதால் அதைக் கைவிட்டேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். லைன் வீடு, லாந்தர், வாயருகே நின்ற கடலை, மாரப்பன் சொன்னது எல்லாம்.

ஐயா நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்போ… முப்பதுக்கு மேல போனதெல்லாம்?"

"உங்களுக்காகக் கொட்டுனதுங்க ஐயா."

மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார். "நூத்தி நாலு?"

நான் கொங்கு மண்ணில் பிறந்தவள். லட்டுப் பையை எடுத்து மூடி வைத்தேன். கதவோரம் நின்றிருந்த மாரப்பன்தான் சொன்னார். "படிக்கறப்ப உங்க கொரல் நடுங்குச்சுங்க. உங்க சொந்தச் சரக்குன்னு தெரிஞ்சுபோச்சு. அதானுங்க, உடாமக் கொட்டுனேன். மன்னிக்கோணுமுங்க."

ஐயா எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தார். "நீங்க சொல்றதை நான் நம்பறேனுங்க. இருந்தாலும் ஒருக்கா நானே சோதிச்சுப் பாத்துக்கறேன்" என்றார். பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டார்.

அந்த வாசிப்பை நான் மறக்க மாட்டேன். "நான் ஒரு கதை படிக்கறேனுங்க, கேக்கறீங்களா?" என்றார். "சேரீங்க" என்று கோரஸாகப் பதில் வந்தது. எல்லாம் நல்ல வளர்ப்புப் பிள்ளைகள். பருத்திச் செல்வன் வயலைவிட்டுப் புறப்பட்டதுமே துளசிமணி பக்கத்துப் பிள்ளையை முழங்கையால் இடித்தாள். அது அடுத்ததை இடித்தது. அப்புறம் நாற்பது தொண்டைகள் ஒட்டுக்கா உம் கொட்ட ஆரம்பித்தன. நாலாவது நற்குணம் வருவதற்குள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற தாளம் வந்துவிட்டது. சுவரோரம் ஒரு குட்டிப் பையன் தூங்கிவிட்டான், தூக்கத்திலும் தாளம் தப்பாமல் உம் கொட்டினான். ஐயா ஒவ்வொரு உம்முக்கும் யாரோ தலையில் குட்டியதுபோல் குனிந்துகொண்டே போனார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒன்பதாவது குணத்தில் நிறுத்தினார்.

"புடிச்சுதுங்களா?"

"நெம்ப நல்லாருக்குதுங்க!" என்றன எல்லாம்.

"இன்னும் எத்தனை குணமுங்க இருக்குது?" என்றது ஒன்று.

துளசிமணி மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "பஞ்சுக்கு இத்தனை நல்ல கொணம் இருந்தும் ஏனுங்க எங்கப்பாவுக்கு இருமல் குடுத்துச்சு?"

ஐயா தன் புத்தகத்தை மூடிக் கோட்டுக்குள் வைத்தார். அவள் மடியிலிருந்த கழுதைக் கதையை வாங்கி, பத்தாம் பக்கத்தைத் தேடி எடுத்து, அதிலிருந்து படித்தார். அறையில் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. படிக்கப் படிக்க அவர் குரல் மாறியது. பக்கம் திருப்புவதற்கு அவசரப்பட்டு, விரலை எச்சில் தொட்டார். நான் பார்த்தேன். பார்க்காததுபோல் பென்சிலைச் சீவினேன்.

மானேஜர் பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் வந்தார். முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அறை தப்பித்தது, நான் நிரந்தரமானேன், பல்லடத்துக்காரர் தாராபுரத்தில் பெண் எடுத்து மூன்று பிள்ளைகளோடு சௌக்கியமாக இருந்தார். ஆனால் அறை தப்பியது கூட்டத்தைப் பார்த்து அல்ல. கூட்டத்தை மானேஜர் சரியாகப் பார்க்கவேயில்லை. அவர் கையில் பருத்திச் செல்வன் இருந்தது.

"ரங்கசாமி சார், பிரமாதமுங்க!" என்றார். "நம்ம மில்லுல ஒரு டிபார்ட்மெண்ட் உடாம எழுதிப்போட்டீங்க. முதலாளிக்கும் காட்டினேன். ஆயிரம் பிரதி அடிச்சு, உங்க பேரையும் கொட்டை எழுத்துல போட்டு, ஊட்டுக்கு ஒண்ணு குடுத்தரலாமுங்க. புத்தகம் ஊட்டுக்கே வந்துட்டா பொறவு இந்த அறை எதுக்கு? கேண்டீனுக்கு இடம் பத்தலைன்னு கெடந்து குதிக்கறாங்க."

ஒரு மனிதருக்கு வாழ்நாளில் ஒரு தடவை வருகிற வார்த்தை அது. ஆயிரம் பிரதி. அட்டையில் பெயர். சரி என்று ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும், அறை கேண்டீனாகிவிடும்; மாட்டேன் என்றால் அறையை மூட மானேஜரிடம் சாக்கு இல்லை. சொன்னால் நான் குறை சொல்லியிருக்கவும் மாட்டேன்.

ஐயா கழுத்துப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். "நெம்ப சந்தோசமுங்க. ஆனா இந்த அறையில ஒரு முறை இருக்குதுங்க. சீட்டு இல்லாம எந்தப் புத்தகமும் பிள்ளைக கைக்குப் போகக்கூடாது. இதுக்கு நேத்துதானுங்க எழுதினேன்" என்று கோட்டுப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார்.

மானேஜர் வாங்கிப் படித்தார். தள்ளுபடிச் சீட்டு. கீழே ஐயாவின் கையெழுத்து. காரணம் என்று போட்டிருந்த இடத்தில், அவருடைய அழகான தலைமையாசிரியர் எழுத்தில், ஒரே ஒரு வரி: 'பிள்ளைகள் மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.'

"மரியாதையாக் கேட்டாங்கன்னா நல்லதுதானுங்களே?" என்றார் மானேஜர்.

"பிள்ளைகளுக்கு நல்லதுங்க" என்றார் ஐயா. "புத்தகத்துக்கு இல்லீங்க."